பூவும் தோலும்: ஒரு வாசனையின் சரித்திரம்

பாரிஸில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சென்ற ஆண்டு செவிலிமேட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கொடுத்துவிட்டுப் போனான். சுண்டுவிரல் அளவு, கடைகளில் சும்மா தருகிற மாதிரிக் குப்பி. 'கெல்லி கலேஷ்' என்று பெயர். ஹெர்மெஸ் கம்பெனிக்காக ழான்-க்ளோத் எலெனா என்பவர் 2007இல் செய்தது. "பெரியப்பா, இதுல தோல் வாசனை இருக்காம், மோந்து பாருங்க" என்றான். தோல் வாசனையைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அவனுக்கே வேடிக்கையாக இருந்தது போலும்.

மணிக்கட்டில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினாற்போல ஒரு கசப்புப் புளிப்பு. ஐந்து நிமிஷத்தில் அது போய்விட, வெளிறிய பூக்கள். மல்லிகை மாதிரி நெற்றியில் அடிக்கிற பூக்கள் அல்ல, மாவு தூவினாற்போல உலர்ந்தவை. எந்தப் பூ என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று கலைந்திருந்தன. தோலைக் காணோமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அது அடியில் இருப்பது தெரிந்தது. புதிய பர்ஸின் உள்மடிப்பைத் திறந்தால் வருமே, அது. பூ எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கையை மூக்கருகே கொண்டுபோனால் மட்டுமே கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடத் தெரியாது. இதைத்தான் அவர்கள் அடக்கம் என்கிறார்கள்.

இந்த அடக்கம் எப்படி வந்தது என்று யோசிக்கப்போய், அது என்னைக் காஞ்சிபுரத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.

முதலில் ஒரு விஷயம். தோல் வாசனை என்று மேல்நாட்டு வாசனைக்காரர்கள் சொல்லுகிற குடும்பத்தில் தோல் ஒரு சொட்டும் கிடையாது. தோலிலிருந்து தைலம் இறக்க முடியாது. ரஷ்யாவில் மாட்டுத்தோலை வில்லோ மரப்பட்டையில் பதப்படுத்தி, பூர்ச்ச மரத்தைச் சுட்டு எடுத்த தாரெண்ணெயைப் பூசுவார்கள். நீர் ஏறாது, பூச்சி அரிக்காது. அந்தப் புகை நாற்றமே ஐரோப்பியனுக்கு 'ரஷ்யத் தோல்' ஆயிற்று. பின்பு வாசனைக்காரர்கள் தோலை விட்டுவிட்டுத் தாரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரசாயனக்கூடங்களிலிருந்து குயினோலின் வகைப் பொருள்கள் வந்தன. பச்சையும் கசப்புமான ஒரு முரட்டு வாசம். 1919இல் காரோனின் 'தபாக் ப்ளோந்', 1920களில் ஷனேலுக்காக எர்னஸ்ட் போ செய்த 'குயிர் தெ ரூஸி', 1944இல் ஜெர்மேன் செல்லியே என்ற பெண்மணி செய்த 'பாந்தி' எல்லாம் இந்தக் குடும்பத்தில் பிறந்தவை. கடைசியாகச் சொன்னதில் குயினோலின் மிகத் தாராளம். அடக்கம் என்ற பேச்சே கிடையாது. ஆக, தோல் வாசனை என்பது தோலைப் பற்றிய ஒரு ஞாபகம். ஞாபகத்துக்கு என்னென்ன சேர்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்ற சுதந்திரம் உண்டு. கதை இங்கேதான் கிளைக்கிறது.

தெற்குப் பிரான்ஸில் க்ராஸ் என்று ஒரு மலையூர். இன்று வாசனைத் திரவியத்தின் தலைநகரம் என்று சுற்றுலாக்காரர்கள் போகிற ஊர். இடைக்காலத்தில் அது தோல் பதனிடுவோரின் ஊர், தெருவெல்லாம் நாற்றம். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வாசனைக் கையுறை மோகம் வந்தது. பிரபுக்களின் மூக்குக்குத் தோலின் நாற்றம் ஆகவில்லை. கையுறையைப் பூக்களில் ஊறவைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் கையுறைக்காரர்களே 'கையுறை வாசனைக்காரர்' என்ற பட்டத்தோடு அரசாங்க அங்கீகாரம் பெற்றார்கள். அப்புறம் தோலுக்கு வரி ஏறிற்று, தொழில் நசித்தது, பூ மட்டும் மிஞ்சியது. 'ஸ்பானியத் தோல்' என்ற பழைய சரக்கு ஒன்று உண்டு: மெல்லிய தோலை ரோஜா, நாரத்தைப்பூ, சந்தனம், கிராம்பு எண்ணெய்களில் ஊறவைத்து, புனுகும் கஸ்தூரியும் குழைத்துப் பூசி, சதுரமாக நறுக்கிக் கடிதத் தாள்களுக்கிடையே வைப்பார்கள். தோலை மறைக்க வந்த பூவும், பூவைத் தாங்க வந்த தோலும் ஒரே கையில் பழகியவை. பதனிட்டவனும் பூ வடித்தவனும் ஒரே ஆள்; இல்லாவிட்டால் அண்டை வீட்டுக்காரன். க்ராஸின் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

எலெனா பிறந்து வளர்ந்தது இந்த ஊர்ப்பக்கம்தான். ஹெர்மெஸோ 1837இல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய குடும்பம். கம்பெனியின் தோல் கிடங்கில் மிக உயர்ந்த தோல்களை முகர்ந்தபோது அவற்றிலேயே பூமணம் இருந்ததைக் கண்டதாக எலெனா சொல்லியிருக்கிறார். கெல்லி கலேஷ் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. குயினோலின் முரட்டுத்தனத்தைக் கழித்துவிட்டு, ஐரிஸ், நர்கீஸ், மிமோசா என்று பூக்களாலேயே தோலைச் சொல்லிவிடப் பார்த்திருக்கிறார்.

மிமோசா என்ற பெயரைப் படித்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாசனைக்காரன் மிமோசா என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து போன ஒரு வேல மரத்தின் மஞ்சள் பூ. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரம் என்கிறார்களே, அந்த இனம். அதன் உடன்பிறப்பான கறுஞ்சீகையின் பட்டைதான் உலகமெங்கும் தோல் பதனிடப் போவது. தோல் வியாபாரத்தில் அந்தப் பட்டைச் சாற்றுக்கும் மிமோசா என்றே பெயர். பூ வாசனைக்காரனுக்கு, பட்டை தோல்காரனுக்கு. எலெனாவின் மூக்கு தோலில் கண்ட பூ வெறும் கவிதை இல்லை. பட்டையில் பதனிட்ட தோல், பதனிட்ட மரத்தின் வாசத்தைக் கொஞ்சம் வைத்துக்கொண்டுதான் இருக்கும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். காஞ்சியைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய நீண்ட சித்திரம் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, 500 அடி. நகரத்தைத் தாமரைப் பொகுட்டுக்கு ஒப்பிடுவதையும், வெஃகாவில் பாம்பணையில் கிடப்பவனைச் சொல்வதையும் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆரம்பத்தை யாரும் பேசக் கேட்டதில்லை. சூரியனைச் சொன்ன கையோடு கவி பாணனின் யாழுக்கு வருகிறார். யாழின் பத்தரைப் போர்த்திய, சாயம் ஊட்டிய தோல் எப்படி இருக்கிறது என்றால், பாதிரிப் பூவை நடுவில் வகுந்தால் தெரிகிற உள்புறம் போல இருக்கிறதாம். தோலுக்கு அவர் சொல்லும் வார்த்தை 'பச்சை'. இன்று வழக்கில் இல்லாத பொருள். காஞ்சிக்குப் போகிற பாட்டு ஒரு பூவின் உட்புறத்தையும் ஒரு தோலின் வெளிப்புறத்தையும் ஒன்றாக்கித் தொடங்குகிறது.

ஒப்புமை நிறத்துக்குத்தான் என்பார்கள். இருக்கட்டும். பாதிரி மணமில்லாத பூவா? திருப்பாதிரிப்புலியூர் என்று ஊருக்கே பெயர் வைக்கிற அளவுக்கு இந்த நாட்டு மூக்குக்குப் பழகிய பூ. அதை வகுந்து பார்த்தவன் முகராமல் இருந்திருக்க மாட்டான். எனக்குத் தெரிந்து, பூவும் தோலும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே பொருளாக நிற்பது தமிழில் இந்த ஒரு இடத்தில்தான். கெல்லி கலேஷ் செய்யப் பார்த்ததும் இதுவே.

அதே பாட்டில் தோல் மேலும் வருகிறது. வழியில் போகிற வியாபாரிகளின் காலை மூடிய காப்பு. செருப்புத் தோல் உராய்ந்து உராய்ந்து வடுப்பட்ட இடையனின் பாதம். அருவருப்பு எதுவும் இல்லை. ஆனால் சங்கப் பாட்டு முழுவதும் இப்படித்தான் என்று பொற்காலம் பேச நான் வரவில்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டில் வாரால் கட்டில் பின்னுகிறவனுக்கு 'இழிசினன்' என்றே பெயர். அவன் கை ஊசியின் வேகத்தை வேந்தனின் போருக்கு உவமையாக்குகிற கவிக்கு அந்தக் கையின் திறமை தெரிந்திருக்கிறது. பெயரைத்தான் மாற்றத் தோன்றவில்லை.

இனி ஆவாரை. எந்த வறட்டுக் கரம்பிலும் தானாக முளைத்து மஞ்சளாகப் பூத்து நிற்கிற செடி. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஆவிரையும் உண்டு. காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து ஏறும்போது சூடிக்கொள்கிற பூ. பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து இறவாணத்தில் காப்புக் கட்டுகிறோம். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு இல்லை என்று பழமொழி வேறு. சர்க்கரை வியாதிக்காரர்கள் பூவை உலர்த்தித் தேநீர் போடுகிறார்கள். இவ்வளவு மரியாதையும் பூவுக்கு. பட்டையைப் பற்றிப் பாட்டும் இல்லை, பழமொழியும் இல்லை.

பட்டையில் 15 முதல் 20 சதவீதம் வரை துவர்ப்பொருள். தோலின் நாருக்குள் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டால், அழுக வேண்டிய பொருள் அழுகாமல் நிற்கும். பதனிடுதல் என்பது இவ்வளவுதான். சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் கழித்து, உள்சதையைச் சீவி, ஆவாரம்பட்டைக் குழியில் வாரக்கணக்கில் புரட்டிப்போடுவார்கள். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெயிலில் சிவந்துபோகும். அதற்காகக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். பிறகு புங்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக் காயவைத்தால் வெளிர்மஞ்சளில், மெத்தென்று, தேயிலைப் பெட்டியைத் திறந்தாற்போல இனிப்பும் துவர்ப்புமான ஒரு வாசத்தோடு நிற்கும். வைத்தியத்துக்குரிய செடி, வைத்தியத்துக்குரிய காய், விளக்குக்குரிய எண்ணெய். முரட்டு நாற்றத்துக்கு இதில் என்ன இருக்கிறது? நாற்றம் பதனிடுமுன் உள்ள பச்சைத் தோலுக்கும் சுண்ணாம்புக் குழிக்கும் உரியது. அந்தக் குழியில் இறங்கி நின்றவர்களின் உடம்போடு அது ஒட்டிப்போயிற்று. முடிந்த சரக்கு கப்பலேறிப் போயிற்று.

லண்டன் சந்தையில் அதற்கு 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானியின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திருச்சி, திண்டுக்கல் என்று பதனிடும் ஊர்கள். சென்னையில் பெரியமேடு மொத்தச் சந்தை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்காக இந்தச் சரக்கை அரசாங்கமே வளைத்து வாங்கிக்கொண்டது. ஆக, பிளாண்டர்ஸ் சேற்றுக்குள் நம் ஆவாரை இறங்கியிருக்கிறது. எந்தக் கவியும் இதைக் கவனிக்கவில்லை.

ஆவாரைக்கு இரண்டு எதிரிகள் வந்தார்கள். ஒன்று, தென்னாப்பிரிக்காவின் நடாலிலிருந்து வந்த கறுஞ்சீகைப் பட்டை, அதாவது மேலே சொன்ன மிமோசா. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. நிறவெறிக்கு எதிரான நல்ல காரியம். அந்தப் பட்டைக்கு ஈடுகட்ட நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகையை விரிவாக நட்டார்கள். சோலைப் புல்வெளிகள் போயின. மற்றது குரோமியம். ஆல்பிரட் சாட்டர்டன் 1903இலேயே சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். மறு ஆண்டு ராஜதானியின் தோல் தொழில் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஆனால் வெகுகாலம் பட்டையே ஆண்டது. 1970களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளியே அனுப்ப அரசாங்கம் கட்டுப்பாடு விதித்து, முழுக்க முடித்த தோலையே அனுப்பு என்றபோது குரோமின் கை ஓங்கியது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிகிறது. நீலச்சாயல் கொண்ட அந்தத் தோலுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு வாசனை கிடையாது. பை விற்கிற கடைகளில் வருகிற 'தோல் வாசனை' பெரும்பாலும் மேலே தடவிய எண்ணெயும் மெழுகும்தான்.

இந்த ஊர்களை வரிசையாகக் கோக்கும் நூல் பாலாறு. நந்திமலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று வந்து காஞ்சியின் தெற்கு ஓரமாகச் செவிலிமேட்டைத் தொட்டுக்கொண்டு வயலூருக்கருகே கடலில் சேர்வது. பாலாற்று நீரில் அலசினால் பட்டுக்குப் பளபளப்பு என்று இங்கே நெசவுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேலே தோலையும் கீழே பட்டையும் நனைத்த ஆறு. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற தத்துவம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்த ஆற்றின் வழக்கிலும் நீதிமன்றம் சொன்னது. ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். காஞ்சி அன்றைக்கு இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் உண்டு. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. செவிலிமேட்டில் தோல் நாற்றம் அடிப்பதில்லை. அவ்வளவு தூரம் வராது. பெரும்பாலான மாதங்களில் ஆறே வருவதில்லை. வந்தவாசி சாலைப் பாலத்தின் மேல் நின்றால் கீழே மணலும் முள்ளும், கரை மேட்டில் அங்கங்கே ஆவாரையும்.

காஞ்சியின் மூக்கு எப்படிப் பழக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நம் கோயில்கள் மிருக வாசனைக்குப் பகை என்று நினைத்தால் தவறு. திருப்பதியில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்துக்குப் பின் சாத்துவது புனுகு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கவசத்தைக் களைந்து சாத்துவதும் புனுகு. ஒரு பூனையின் மறைவிடச் சுரப்பி கர்ப்பக்கிருகம் வரை போகிறது. மத்தளத்தின் தோல் மண்டபம் வரை. செருப்பின் தோல் வாசலோடு சரி. செருப்பைத் தைத்தவன் அந்த வாசலுக்கும் வெளியே நின்ற காலம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. மல்லிகைக்குள்ளேயே இண்டோல் என்ற மிருகச் சரக்கு இருக்கிறது. அளவு கூடினால் சாண நாற்றம். அதை நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டு ஜாதிமல்லியின் சாறு இன்று க்ராஸுக்குக் கப்பலேறுவதும் அந்த மிருகத்தோடு சேர்த்துத்தான். ஆக, மூக்குக்குப் பேதம் தெரியவில்லை. பேதம் தெரிந்தது வேறெதற்கோ.

குருபரம்பரைக் கதைகளில் இதன் தடம் இருக்கிறது. பூவிருந்தவல்லியிலிருந்து வரதனுக்குப் பூக் கொண்டுவந்தவர் திருக்கச்சி நம்பி. இராமானுஜர் அவரை வீட்டுக்கு உண்ண அழைத்தார். இவர் வருவதற்குள் அவர் உண்டு போய்விட, மனைவி தஞ்சமாம்பாள் இலையைக் கோலால் தள்ளி, இடத்தை மெழுகி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மறு சமையல் செய்தாள். இராமானுஜருக்கு மனம் முறிந்தது இதில். ஆயுளெல்லாம் பூச் சுமந்தவர் உட்கார்ந்த இடத்தில் அவளுக்கு என்ன வாசம் வந்திருக்கும்?

இன்னொரு கதை எங்கள் ஊருக்கே சொந்தம். யாதவப்பிரகாசரின் கூட்டத்தோடு காசிக்குப் புறப்பட்டு, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்து விந்தியக் காட்டில் தனியே விலகிய இளைஞர் இராமானுஜரை ஒரு வேடனும் வேடுவச்சியும் அழைத்து வந்தார்கள். இரவு தாகம் என்றாள் வேடுவச்சி. விடிந்ததும் செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றில் மூன்று தடவை நீர் முகந்து கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், எதிரே வரதனின் விமானம். அதன்பின் தினமும் அந்தக் கிணற்று நீரைக் கோயிலுக்குச் சுமந்தார் என்பது கதை. கிணறு இருக்கிறது, சந்நிதியும் இருக்கிறது. வேடன் என்றால் தோலும் வியர்வையும் ரத்தமும். இரவெல்லாம் பக்கத்தில் கிடந்த இளைஞருக்கு அந்த வாசம் எட்டாமல் இருந்திருக்காது. சொன்னவர்கள் அதைச் சொல்லவில்லை. வேடன் கடவுள் என்று தெரிந்தபின் வாசம் மறந்துபோகும்.

எலெனாவின் அடக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோலைப் பூவால் மூடாமல், தோலுக்குள் பூவைக் கேட்டது பெரிய காரியம். ஆனால் அடக்கம் என்பது யார் மேல் வாசனை அடித்தாலும் கேள்வி வராதோ அவர்களுக்குக் கிடைக்கிற சௌகரியம். தோல் ஷாப்பிலிருந்து பஸ் ஏறுகிறவனுக்கு அது கிடையாது. அவன் வாசம் அவனுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இந்த உடம்புகளை எழுதத் தமிழில் வெகு நாள் ஆயிற்று. திண்டுக்கல் தோல் ஷாப்புகளை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2010இல்தான் வந்தது; 2012இல் சாகித்ய அகாதெமி பரிசு. பாதிரியையும் பச்சையையும் ஒன்றாகப் பார்த்த பாட்டிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். காஞ்சிப் பட்டுக்கும் கிழக்கிந்தியத் தோலுக்கும் இன்று அரசாங்கப் புவிசார் குறியீடு உண்டு. முதலாவதைக் கட்டிக்கொண்டு ஆவாரம்பூ கட்டிய வாசலைத் தாண்டுகிறவர்களுக்கு இரண்டாவது அதே செடியில் ஆனது என்று தெரியாது.

போன மாதம் செருப்பு வார் அறுந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பழைய டால்டா டின்னில் தோல் துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கும். குப்பி சட்டைப்பையில் இருந்தது. என்ன தோன்றியதோ, எடுத்துக் கொடுத்து, "இதுல தோல் வாசனை இருக்குதாங்க, பாருங்க" என்றேன். மூடியைத் திறந்து புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, அவசரப்படாமல் முகர்ந்தார். சிரிக்கவில்லை. "இருக்குது சார். ஆனா இது இன்னும் தண்ணி படாத தோலு" என்றார்.

பிறகு டின்னுக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, பிழிந்து, என் செருப்பின் மேல் வைத்து அளவு பார்த்தார்.